ஜிம் கோச் தரும் 'பெப்டைட்' ஊசி: போடலாமா?

சேலம்_செந்தில்

வணக்கம் நண்பர்களே. வயது 34, எடை 86 கிலோ. ஜிம்முக்குப் போக ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகப்போகிறது. தொப்பை ஓரளவு குறைந்தது, அதற்கு மேல் நகர மறுக்கிறது. போன வாரம் கோச் ஒரு பெட்டியைக் காட்டினார். உள்ளே சுண்டுவிரல் உயரத்துக்குக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளைப் பொடி வில்லை மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஐபமோரெலின், சிஜேசி-1295 என்ற இரண்டு பெப்டைட் (சிறு புரதத் துண்டு) கலந்ததாம். ராத்திரி படுக்கப் போகும் முன் வயிற்றுத் தோலில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். "இது வளர்ச்சி ஹார்மோன் இல்லை, உன் உடம்பையே சுரக்க வைக்கும், அதனால் சைடு எஃபெக்ட் கிடையாது" என்கிறார். மாதத்துக்குப் பதினோராயிரம் ரூபாய்.

லேபிளில் கம்பெனி பெயர் இல்லை, தயாரித்த தேதி இல்லை. "ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல" என்று ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. கேட்டால், "அது சும்மா சட்டத்துக்காகப் போடுவது" என்று சிரிக்கிறார். என் அப்பா, அம்மா இருவருக்கும் சுகர் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பணம் இன்னும் கொடுக்கவில்லை.

தண்டால்_தாஸ்

ப்ரோ, பயப்படாதீங்க. நான் ஐந்தாறு மாதமாக எம்கே-677 கேப்சூல் எடுக்கிறேன். அதுவும் இதே குடும்பம்தான், ஊசி தேவையில்லை என்பதுதான் வித்தியாசம். தூக்கம் அருமை, பசி பயங்கரம், எடை நாலு கிலோ ஏறிவிட்டது. ஸ்டீராய்டு மாதிரி விந்தணு போகிறது, முகப்பரு வருகிறது என்ற தொல்லை எதுவும் இல்லை. உடம்பு தானாகச் சுரப்பதால் அதிகமானால் தானாகவே நிறுத்திக்கொள்ளும். காலையில் எழுந்தால் விரல் கொஞ்சம் மரத்துப்போயிருக்கும், மோதிரம் இறுக்கும். கையை உதறினால் சரியாகிவிடும். எல்லோருக்கும் இருப்பதுதான் என்று கோச் சொன்னார்.

மருந்துக்கடை_மணி

தம்பி செந்தில், ஈரோட்டில் மருந்துக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். மேலட்டையில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, லைசென்ஸ் எண், பேட்ச் எண், காலாவதி தேதி இல்லாத ஊசி மருந்தை நான் கடையில் வைத்திருந்தால் டிரக் இன்ஸ்பெக்டர் என்னைச் சும்மா விடுவாரா? அதையே உங்கள் கோச் ஜிம் பையில் வைத்து விற்கிறார். "ஆராய்ச்சிக்கு மட்டும்" என்ற வரி சும்மா போடுவது அல்ல. ஏதாவது ஆனால் "மனிதர்களுக்கு இல்லை என்று தெளிவாக எழுதியிருக்கிறோமே" என்று விற்றவன் கழன்றுகொள்ளப் போட்டது.

இன்னொன்று, இதை யாரும் பேசுவதில்லை. எந்த சிரிஞ்சில் போடச் சொன்னார்? இன்சுலின் சிரிஞ்ச் என்றுதான் சொல்லியிருப்பார். நம் ஊரில் இரண்டு வகை இருக்கிறது. சிவப்பு மூடி யு-40, ஆரஞ்சு மூடி யு-100. யூடியூபில் அமெரிக்கக்காரன் "பத்து யூனிட் இழு" என்று சொல்வது யு-100 கணக்கு, அதாவது 0.1 மில்லி. சிவப்பு மூடியில் அதே பத்தாவது கோடு வரை இழுத்தால் 0.25 மில்லி. இரண்டரை மடங்கு! இன்சுலின் போடுகிறவர்களுக்கே இந்தக் குழப்பம் வரும், அவர்களுக்காவது நாங்கள் எடுத்துச் சொல்கிறோம். குப்பிக்குள் எத்தனை மில்லிகிராம் இருக்கிறது என்பதே கோச்சின் வாய்வார்த்தை. அதை எவ்வளவு தண்ணீரில் கரைப்பது என்பதும் வாய்வார்த்தை. இதில் எங்கே போய் அளவு பார்ப்பது?

ஹார்மோன்_டாக்டரம்மா

நாளமில்லாச் சுரப்பி மருத்துவர். நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

"உடம்பே சுரக்கிறது, அதனால் ஆபத்தில்லை" என்ற வாதத்தை வாரம் ஒருவரிடமாவது கேட்கிறேன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். மூளையிலிருந்து ஜிஹெச்ஆர்ஹெச் என்ற சமிக்ஞை வரும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கும், அது கல்லீரலைத் தூண்டி ஐஜிஎஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனை உண்டாக்கும். அளவு மிஞ்சினால் சோமடோஸ்டாட்டின் என்ற பிரேக் விழும். இது வரைக்கும் கோச் சொல்வது சரி.

ஆனால் அந்த ஜிஹெச்ஆர்ஹெச் முதன்முதலில் எங்கே பிரித்தெடுக்கப்பட்டது தெரியுமா? 1982இல், கணையக் கட்டிகளிலிருந்து. அக்ரோமெகலி நோயாளிகளின் கட்டிகள் அவை. கை, கால், தாடை எலும்புகள் பெருத்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறும் நோய் அது. வழக்கமாக பிட்யூட்டரியில் கட்டி வந்தால்தான் வரும். இவர்களுக்குக் கணையத்தில் இருந்த கட்டி ஓயாமல் ஜிஹெச்ஆர்ஹெச்சை ஊற்றியது, பிட்யூட்டரியும் அதற்குக் கட்டுப்பட்டு ஓயாமல் சுரந்தது. பிரேக் இருந்தது, போதவில்லை. அவர்களுக்கு ஊறியதும் சொந்த ஹார்மோன்தானே?

சிஜேசி-1295 இந்த ஜிஹெச்ஆர்ஹெச்சின் மாற்றுருவம். இயற்கையானது ரத்தத்தில் சில நிமிடங்களே தாங்கும். சிஜேசியின் நீடித்த வகை ரத்தத்திலுள்ள அல்புமின் புரதத்தைப் பிடித்துக்கொண்டு நாள்கணக்கில் சுற்றும். 2006இல் வந்த ஆய்வில் ஒரே ஊசிக்கு ஐஜிஎஃப்-1 ஒன்பது முதல் பதினோரு நாள் வரை உயர்ந்தே இருந்தது. வளர்ச்சி ஹார்மோன் இயல்பில் துடிப்புத் துடிப்பாக வரும், இடையில் ஏறக்குறைய ஒன்றும் இருக்காது. இந்த ஊசி போட்டவர்களிடமும் துடிப்பு இருக்கத்தான் செய்தது. ஆனால் இடையில் இறங்க வேண்டிய அடிமட்டம் பல மடங்கு ஏறிப்போனது. சந்தையில் 'சிஜேசி' என்ற அதே பெயரில் அரைமணி நேரத்தில் பாதியாகக் குறையும் வகையும் விற்கிறது. செந்தில், உங்கள் குப்பியில் எது என்று கோச்சுக்குத் தெரியுமா?

அப்புறம், இவை "இன்னும் ஆராயப்படாத புதுக் கண்டுபிடிப்புகள்" என்ற எண்ணமும் தவறு. ஆராய்ந்து பார்த்துக் கைவிட்டவை. சிஜேசியை உருவாக்கிய கனடா நிறுவனம் ஹெச்ஐவி நோயாளிகளின் வயிற்றுக் கொழுப்புக்காகச் சோதித்தது. 2006இல் பங்கேற்றவர் ஒருவர் மாரடைப்பில் இறந்ததும் ஆய்வு நின்றது. அவருக்கு ஏற்கெனவே இதயக் குழாய் நோய் இருந்தது, மருந்து காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்று கவனித்த மருத்துவர் கருதினார். அதையும் சொல்லிவிட வேண்டும். ஐபமோரெலின் நோவோ நார்டிஸ்க் கண்டுபிடிப்பு, 1998இல் வெளியானது. பிறகு வேறொரு நிறுவனம் குடல் அறுவைக்குப் பின் செயலிழந்து நிற்கும் குடலை எழுப்பச் சோதித்தது. வெற்று மருந்தைவிட (மருந்தே இல்லாத போலி டோஸ்) மேல் என்று நிரூபணமாகவில்லை. தொப்பைக்கோ தசைக்கோ நீண்டகால ஆய்வு எதுவும் அதற்கு இல்லை.

தாஸ், உங்கள் விரல் விஷயத்துக்குத் தனியாக வருகிறேன்.

தண்டால்_தாஸ்

டாக்டர், மரியாதையோடு கேட்கிறேன். கைவிட்டதற்கு ஆபத்துதான் காரணமா? லாபம் இல்லை என்று விட்டிருக்கலாமே. பெரிய கம்பெனிகளுக்கு இயற்கையான பொருளில் காப்புரிமை கிடைக்காது, அதனால் அமுக்கிவிடுகிறார்கள் என்றுதானே சொல்கிறார்கள்? எம்கே-677ஐ அமெரிக்காவில் வளர்ச்சி குறைந்த குழந்தைகளுக்கே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குழந்தைக்குக் கொடுப்பது எனக்கு விஷமா?

ஹார்மோன்_டாக்டரம்மா

நல்ல கேள்விகள். முதலில் காப்புரிமை. எம்கே-677இல் இருக்கும் 'எம்கே' மெர்க் நிறுவனத்தின் குறியீடு. அது இயற்கைப் பொருளும் இல்லை, பெப்டைடும் இல்லை. பசி ஹார்மோனான கிரெலின் போல நடிக்கும் செயற்கை வேதிப்பொருள். காப்புரிமை அவர்கள் கையில்தான் இருந்தது. வேலை செய்திருந்தால் முதியோர் எல்லோருக்கும் விற்றுக் கோடிகோடியாகச் சம்பாதித்திருப்பார்கள். முயற்சி செய்யாமலும் இல்லை.

2008இல் வந்த ஆய்வு: 60 வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான 65 பேர், தினம் 25 மில்லிகிராம். ஓராண்டில் கொழுப்பில்லா உடல் எடை சராசரியாக 1.1 கிலோ கூடியது, வெற்று மருந்து எடுத்தவர்களுக்கு அரை கிலோ குறைந்தது. விளம்பரங்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளும். தசைவலிமை கூடவில்லை, நடமாட்டமும் மேம்படவில்லை. வெறும் வயிற்றுச் சர்க்கரை சராசரியாக டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராம் ஏறியது, இன்சுலினுக்கு உடல் செவிசாய்ப்பது குறைந்தது. அதே ஆண்டு அல்சைமர் நோயாளிகள் 563 பேரிடம் ஒரு வருட ஆய்வு: ஐஜிஎஃப்-1 நன்றாக ஏறியது, நோயில் மாற்றமே இல்லை. இடுப்பெலும்பு முறிந்த முதியோர் 123 பேரிடம் நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. மருந்து எடுத்தவர்களில் 6.5 சதவீதத்தினருக்கு இதயச் செயலிழப்பு, மற்றவர்களில் 1.7. எண்ணிக்கை சிறியதுதான், ஆனாலும் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள்.

குழந்தைகள் கதை வேறு. பற்றாக்குறை இருக்கிறது என்று உறுதிசெய்யப்பட்டவர்கள், தரம் சோதித்த மருந்து, குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை. உங்களுக்குப் பற்றாக்குறை இல்லை, மருந்தின் தரம் தெரியாது, ரத்தம் பார்த்ததும் இல்லை. ஒரே பெயர் என்பதைத் தவிர வேறென்ன ஒற்றுமை?

இப்போது விரல். காலையில் மரத்துப்போவது, மோதிரம் இறுகுவது, உதறினால் சரியாவது. உடம்பில் நீர் தேங்கி மணிக்கட்டுக்குள் ஓடும் நரம்பை அழுத்தும்போது இப்படித்தான் வரும். வளர்ச்சி ஹார்மோன் அதிகமாகும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. நீங்கள் சொன்ன நாலு கிலோவில் எவ்வளவு தசை, எவ்வளவு நீர், எவ்வளவு பரோட்டா என்று யாராவது அளந்தார்களா? வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), ஐஜிஎஃப்-1 மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

கபடி_குமார்

டாக்டர், நான் மாநில அளவில் ஆடுகிறேன். பெப்டைட் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியாது, இரண்டு நாளில் போய்விடும் என்று எங்கள் பக்கம் ஒருவர் விற்கிறார். உண்மையா?

மெல்பர்ன்_முருகேசு

தம்பி குமார், இதுக்கு நான் பதில் சொல்லுறன். இஞ்ச ஆஸ்திரேலியாவில இந்த விசயம் பெரிய கூத்தாப் போனது. க்ரோனுல்லா ரக்பி லீக் அணியில 2011 சீசனில சிஜேசி-1295உம் அதே மாதிரி வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டிற ஜிஹெச்ஆர்பி-6உம் புழங்கினது. மூண்டு வருசம் கழிச்சு, 2014இல, அப்ப விளையாடின பெடியள் ஊக்கமருந்துத் தடையை ஏற்க வேண்டி வந்தது. எங்கட மெல்பர்னில எசண்டன் எண்ட ஆஸ்திரேலியக் கால்பந்துக் கழகம். அவையின்ர வழக்கு தைமோசின் பீட்டா-4 எண்ட வேற பெப்டைட். 2016 ஜனவரியில 34 பேருக்குத் தடை, அந்த வருசத்து ஆட்டம் முழுக்கப் போச்சு. அணித்தலைவர் 2012இல வாங்கின, சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கமும் கையை விட்டுப் போனது.

எனக்கு இதில மறக்கேலாதது தடை இல்லை. தங்கட உடம்புக்குள்ள என்ன ஏத்தினவை எண்டு அந்தப் பெடியளுக்குப் பிறகு ஒழுங்காத் தெரியவே இல்லை. கோடிக்கணக்கில காசு புழங்கிற கழகம், வைத்தியர் இருந்தவர், எண்டாலும் ஊசிக் கணக்கு எழுதின சரியான பதிவு இல்லை. சேலத்து ஜிம்மில எழுதி வைப்பினமோ?

ஹார்மோன்_டாக்டரம்மா

குமார், முருகேசு அண்ணன் சொன்னதோடு ஒன்று. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் பொருட்கள் அனைத்தும் உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் பட்டியலில் இருக்கின்றன. போட்டி நாள், ஓய்வு நாள் என்ற பேதம் இல்லாமல் எப்போதும் தடை. ஆய்வகங்கள் சிறுநீரில் இவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கின்றன. தடை நான்கு ஆண்டு வரை போகலாம். "கோச் கொடுத்தார்" என்பது விடுதலை வாங்கித் தராது. உங்கள் உடம்பில் இருப்பதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

நடுவர்

இந்த இழையில் வாட்ஸ்அப் எண்ணோடு "ஒரிஜினல் மால், கொரியர் வசதி" என்று விளம்பரம் போட்ட கணக்குகளை நீக்கியிருக்கிறேன். எவ்வளவு போட வேண்டும் என்று அளவு சொல்லும் பதிவுகளும் இங்கே வேண்டாம்.

நியூஜெர்சி_நளினி

இங்கே அமெரிக்காவில் டாக்டர்களே எழுதித் தருகிறார்களே என்று யாராவது கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கணவரின் நண்பர்கள் வட்டத்தில் இதுதான் பேச்சு. 'வெல்னஸ்' கிளினிக்குகள் எழுதுவது உண்மை. ஆனால் வருவது எஃப்டிஏ (அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதித்த மருந்து அல்ல, நோயாளிக்கென்று தனியாகக் கலந்து தரும் மருந்தகங்களில் தயாரானது. 2023 செப்டம்பரில் எஃப்டிஏ ஐபமோரெலின், சிஜேசி-1295, எம்கே-677, ஜிஹெச்ஆர்பி-2, ஜிஹெச்ஆர்பி-6 உள்ளிட்ட பலவற்றை, கலந்து தயாரித்தால் பாதுகாப்புக்குக் கணிசமான ஆபத்து உள்ளவை என்ற வகையில் சேர்த்தது. தன் காரணங்களில், ஐபமோரெலினை ரத்தநாளம் வழியே செலுத்தியபோது மரணம் உட்படக் கடுமையான பாதிப்புகள் பதிவாகியுள்ளதையும் குறிப்பிட்டது. அடுத்த ஆண்டு, இவற்றைக் கலந்து தர அனுமதி கேட்டிருந்த மனுதாரர்கள் மனுவைத் திரும்பப் பெற்றதால் சிலவற்றை அந்த வகையிலிருந்து எடுத்து நிபுணர் குழுவுக்கு அனுப்பினார்கள். "தடை நீங்கிவிட்டது" என்று கிளினிக்குகள் கொண்டாடின. 2024 அக்டோபரிலும் டிசம்பரிலும் கூடிய குழு ஐபமோரெலின், எம்கே-677, சிஜேசி மூன்றுக்கும் எதிராகத்தான் வாக்களித்தது.

அரசியல் காற்று நாளைக்கு எந்தப் பக்கமும் அடிக்கட்டும், பட்டியலில் பெயர் ஏறி இறங்குவதால் நடக்காத ஆய்வு நடந்ததாகிவிடாது. 2025 ஜூலையில் லாஸ் வேகாஸில் நடந்த முதுமைக்கு எதிரான மாநாடு ஒன்றில் பெப்டைட் ஊசி போட்டுக்கொண்ட இரண்டு பெண்கள் வென்டிலேட்டர் வரை போனார்கள்.

கேள்வி ஒன்று: இதே குடும்பத்து டெசமோரெலின் அனுமதி பெற்றது என்கிறார்களே?

ஹார்மோன்_டாக்டரம்மா

ஆமாம், 2010இல் எஃப்டிஏ அனுமதித்தது. ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு வரும் கொழுப்புச் சீர்குலைவில் வயிற்றுக்குள் சேரும் கொழுப்பைக் குறைக்க மட்டும். நிறுத்தினால் கொழுப்பு திரும்பிவிடும். புற்றுநோய் இருப்பவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கூடாது, சர்க்கரையையும் ஐஜிஎஃப்-1ஐயும் கவனிக்க வேண்டும் என்று அதன் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. இதே குடும்பத்துச் செர்மோரெலினும் 1997இல் குழந்தைகளுக்காக அனுமதி பெற்றதுதான். 2008இல் தயாரிப்பாளரே சந்தையிலிருந்து எடுத்துக்கொண்டார், ஆபத்துக்காக அல்ல. ஜப்பானில் ஜிஹெச்ஆர்பி-2 பிட்யூட்டரி வேலை செய்கிறதா என்று பார்க்கும் பரிசோதனைக்கு அனுமதிக்கப்பட்டது, தினம் போட்டுக்கொள்ள அல்ல. ஆக, இந்தக் குடும்பத்தையே தீண்டத்தகாதது என்று நான் சொல்லவில்லை. சோதித்த இடத்தில் பயனும் தெரிகிறது, விலையும் தெரிகிறது. ஜிம்மில் விற்பவற்றுக்கு இரண்டும் தெரியாது.

புற்றுநோய் வருமா என்று இருவர் தனிச்செய்தியில் கேட்டார்கள். ஐபமோரெலின் போட்டால் புற்றுநோய் வரும் என்று நிரூபணம் கிடையாது. வராது என்று சொல்லவும் யாரும் அவ்வளவு காலம் பின்தொடர்ந்து பார்க்கவில்லை. ஐஜிஎஃப்-1 செல்களைப் பெருகச் சொல்லும் ஹார்மோன். ஏற்கெனவே எங்கோ ஒளிந்திருக்கும் கட்டிக்கும் அது அதையேதான் சொல்லும்.

செந்தில், உங்கள் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை சர்க்கரைதான். சென்னை ஆய்வாளர்கள் தலைமையில் நாடு முழுவதும் நடந்து 2023இல் வெளியான ஆய்வின்படி நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். பெற்றோர் இருவருக்கும் இருக்கும்போது, இன்சுலினோடு மல்லுக்கட்டும் ஹார்மோனை விலைகொடுத்து ஏற்றிக்கொள்வதா?

சேலம்_செந்தில்

எல்லோருக்கும் நன்றி. நேற்று கோச்சிடம் தரச்சான்று கேட்டேன். உடனே போனில் ஒரு பிடிஎஃப் வந்தது. "தூய்மை 99.4 சதவீதம்" என்று பெரிதாகப் போட்டு, மலை மாதிரி ஒற்றைக் கோடு ஏறி இறங்கும் வரைபடம் இருக்கிறது. கீழே பேட்ச் எண் இருக்கிறது, ஆனால் குப்பியில் எண்ணே இல்லையே, எதோடு ஒப்பிடுவது? எந்த சிஜேசி என்று கேட்டதற்கு, "நல்ல சிஜேசி" என்றார்.

மருந்துக்கடை_மணி

"நல்ல சிஜேசி"! சிரித்து முடியவில்லை தம்பி.

அந்தக் காகிதம் உண்மையாகவே இருந்தாலும், அனுப்பிய பொடியில் பெப்டைட் எவ்வளவு சுத்தம் என்பதை மட்டும்தான் சொல்கிறது. கிருமி இருக்கிறதா என்று சொல்லாது. பாக்டீரியா செத்த பிறகும் மிச்சமிருக்கும் நச்சு, எண்டோடாக்சின் என்பார்கள், அதற்குத் தனிச் சோதனை வேண்டும். காய்ச்சலும் நடுக்கமும் கொண்டுவருவது அதுதான். மிச்சமுள்ள 0.6 சதவீதம் என்ன என்பதும் முக்கியம். அறுந்த, திரிந்த பெப்டைட் துண்டுகளைப் பார்த்து உடம்பு எதிர்ப்பு காட்டத் தொடங்கலாம். ஊசி மருந்துத் தொழிற்சாலையில் இவற்றைப் பார்க்கவே நிறையச் செலவு ஆகிறது. பதினோராயிரத்தில் கோச்சுக்கு எவ்வளவு, கொரியருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், சோதனைக்கு என்ன மிஞ்சும்?

சேலம்_செந்தில்

புரிந்தது அண்ணே. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முகம் சுளித்தார், பரவாயில்லை.

தண்டால்_தாஸ்

டாக்டர், ரிசல்ட் வந்துவிட்டது. வெறும் வயிற்றில் 117, எச்பிஏ1சி 5.9. ஐஜிஎஃப்-1 என் வயதுக்கான மேல் எல்லையைத் தாண்டியிருக்கிறது. இது கேப்சூலால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியுமா?

ஹார்மோன்_டாக்டரம்மா

ஐஜிஎஃப்-1க்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை என்று நினைக்கிறேன். நிறுத்திய பிறகும் இறங்காவிட்டால் பிட்யூட்டரியைப் பார்க்க வேண்டும். சர்க்கரை விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆரம்பிக்கும் முன் நீங்கள் பார்க்கவில்லையே. இரண்டு எண்களும் நீரிழிவுக்கு முந்தைய கட்டத்தில் இருக்கின்றன. அந்தப் பசியில் சாப்பிட்டதும் சேர்ந்திருக்கலாம். நிறுத்திவிட்டு மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். எச்பிஏ1சி கடந்த மூன்று மாதக் கணக்கைச் சொல்வது, அதற்கு முன் எடுத்துப் பயனில்லை. விரல் மரப்பு ஒரு மாதத்தில் குறையாவிட்டால் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள். என்ன எடுத்தீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள், டப்பாவையும் கொண்டு போங்கள்.

தண்டால்_தாஸ்

சரி. ஒரேயடியாக விட்டுவிட்டேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மூன்று மாதம் நிறுத்திப் பார்க்கிறேன், எண் இறங்கினால் அப்புறம் பேசுவோம். மீதி ஒன்றரை டப்பா இருக்கிறது, நண்பன் கேட்கிறான்.

மருந்துக்கடை_மணி

நண்பனுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு டப்பாவைப் பிரிக்காமல் வைத்திருங்கள், டாக்டர் கேட்டால் காட்ட உதவும். பக்கவிளைவு என்று சந்தேகம் இருந்தால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பதிவு செய்யலாம். மருந்துப் பக்கவிளைவுகளுக்காக மத்திய அரசு நடத்துவது. பில் இல்லை, கம்பெனி பெயர் இல்லை என்றாலும் தெரிந்ததைச் சொல்லுங்கள்.